மகள் கீறிய அட்டவணை

கேள்வி: நாங்கள் வட்டக்கச்சியில் இருக்கிறோம். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்தாள். மருத்துவத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்படிப்புக்குத் தெரிவாகியிருக்கிறாள். இதற்கிடையில் மெல்பேர்ணில் இருக்கும் என் மச்சாள், அங்கே ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இதே படிப்பைப் படிக்கலாம் என்று சொல்லி ஒரு முகவரைப் பிடித்துத் தந்தார். சேர்க்கைக் கடிதமும் வந்துவிட்டது. முதல் அரையாண்டுக் கட்டணத்தை மச்சாள் கட்டுவார். பிள்ளை அவர் வீட்டிலேயே தங்கலாம். மீதிப் பணத்துக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள நாலு ஏக்கர் வயலை ஈடு வைக்கலாம் என்கிறார் என் கணவர். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்றபடியால் பிள்ளையை அனுப்ப எனக்கும் பயமில்லை. தரவரிசையிலும் உயர்ந்த இடம், மிச்சத்தைப் பகுதிநேர வேலை செய்து கட்டிவிடலாம் என்று முகவர் சொல்கிறார். மகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டிருக்கிறாள். அதையும் முகவர் தந்த தாள்களையும் இணைத்திருக்கிறேன். எதைத் தெரிவு செய்வது?

— ஒரு தாய், கிளிநொச்சி மாவட்டம்

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைவிட மகளின் அட்டவணையைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்குக் கொப்பியின் சதுரக் கோட்டுத் தாளைக் கிழித்து, அடிமட்டம் வைத்துக் கீறியிருக்கிறாள். தரவரிசை, மாணவர் தொகை, விரிவுரையாளர், கட்டணம் என்று நான்கு நிரல்கள். சேர்க்கைக் கடிதம் அனுப்பிய அவுஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், நோட்டர் டேம், யாழ்ப்பாணம் என்று மூன்று நிரைகள். யாழ்ப்பாணத்துக்கு நேரே, கட்டணம் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இழுத்து விட்டிருக்கிறாள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலை ஈடு வைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து இடத்தைக் கைவிட வேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு குறித்த திகதிக்குள் பதிவை முடித்துவிடுங்கள். திகதி தவறினால் அந்த இடம் போய்விடும். இதைப் படித்ததும் மகளுக்கு முகம் வாடும் என்று தெரியும். அதனால்தான் அவள் போட்ட நிரல்களின் வழியாகவே காரணங்களைச் சொல்கிறேன்.

நோட்டர் டேமுக்கு நேரே தரவரிசை 18 என்று எழுதியிருக்கிறாள். அந்த எண் முகவர் தந்த துண்டுத்தாளில் இருந்து வந்தது. ‘நோட்டர் டேம் அவுஸ்திரேலியா’ என்ற தலைப்புக்குக் கீழே அதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த 18 வேறொரு பல்கலைக்கழகத்துக்கு உரியது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1842 இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தொடங்கிய நோட்டர் டேம் பல்கலைக்கழகம்தான் யூ.எஸ். நியூஸ் நிறுவனம் வெளியிடும் தரவரிசைப் பட்டியலின் 2025 பதிப்பில் 18ஆம் இடத்தில் இருந்தது. அந்தப் பட்டியலில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை மட்டுமே சேர்ப்பார்கள். அவுஸ்திரேலியாவில் இருக்கும் நோட்டர் டேம் வேறு. மேற்கு அவுஸ்திரேலிய நாடாளுமன்றம் 1989 இல் இயற்றிய சட்டத்தால் ஃபிரீமாண்டில் நகரில் உருவானது அது. அமெரிக்கப் பட்டியலில் அதற்கு இடமே கிடையாது. பிரெஞ்சு மொழியில் இந்தப் பெயருக்கு ‘எங்கள் அன்னை’ என்று பொருள். மடு அன்னையின் பெயரில் ஊருக்கு ஊர் ஆலயமும் பாடசாலையும் இருப்பதைப் போல, உலகில் இந்தப் பெயரிலும் பல நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்றின் புகழை மற்றொன்றின் கணக்கில் எழுத முடியாது.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். 18ஆம் இடத்தில் இருந்த அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பீடமே இல்லை. நீங்கள் தேடும் படிப்பு இல்லாத இடத்தின் எண்ணையும் நம்பித்தான் வயலை ஈடு வைக்க நினைத்திருக்கிறீர்கள். தாளை அச்சிட்டவர் அறியாமல் செய்தாரா, அறிந்தே செய்தாரா என்பதை நான் ஆராயப் போவதில்லை. ஆனால் பிள்ளையைச் சேர்த்துவிடும் முகவருக்குப் பல்கலைக்கழகம் தரகுப் பணம் கொடுக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு அவருடைய தாள்களைப் படியுங்கள்.

சரி, தரவரிசை என்பது எதை அளக்கிறது? அதே அமெரிக்க நோட்டர் டேமை எடுத்துக்கொள்வோம். யூ.எஸ். நியூஸ் பட்டியலில் முதல் 20க்குள் இருந்த அது, க்யூஎஸ் என்ற நிறுவனத்தின் உலகப் பட்டியலில் அண்மைய ஆண்டுகளில் 300க்கு முன்பின்னாகத்தான் வந்தது. உலகப் பட்டியலில் போட்டியாளர் தொகை கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அளக்கும் கோலும் வேறு. க்யூஎஸ் கொடுக்கும் 100 புள்ளிகளில் 30 மற்றப் பல்கலைக்கழகங்களின் கல்வியாளர்கள் சொல்லும் அபிப்பிராயத்துக்கும், 15 வேலை கொடுப்பவர்களின் அபிப்பிராயத்துக்கும் போகின்றன. ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் மேற்கோள் காட்டும் அளவுக்கு 20. விரிவுரையாளர், மாணவர் விகிதத்துக்கு 10 மட்டுமே. ஊசி போடப் பழகும் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று கையைத் திருத்துகிறவர் இருக்கிறாரா என்பதற்கு அந்த 100இல் ஒரு புள்ளிகூட இல்லை. ஆய்வுப் பட்டம் செய்யப் போகிறவர் இந்தப் பட்டியல்களைக் கவனமாகப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. மூன்று ஆண்டுகள் படித்துத் தாதியாகப் பதிவு செய்ய நினைப்பவருக்கு அவை சொல்வது மிகக் குறைவு.

பட்டியலுக்கான தரவுகளில் பலவற்றைப் பல்கலைக்கழகங்களே கொடுக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. 2022 இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். யூ.எஸ். நியூஸ் பட்டியலில் அது 2ஆம் இடத்தில் இருந்தது. தன் வகுப்புகளில் 80 வீதத்துக்கு மேற்பட்டவற்றில் 20க்கும் குறைவான மாணவர்களே இருப்பதாக அது சொல்லியிருந்தது. அங்கேயே கற்பிக்கும் கணிதப் பேராசிரியர் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, இது பொருந்தவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். பின்னர் பல்கலைக்கழகம் வெளியிட்ட எண் 57 வீதம் அளவில் இருந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் அதன் இடம் 18க்கு இறங்கியது. முந்திய ஆண்டு படித்த பிள்ளைகளும் அந்த ஆண்டு படித்த பிள்ளைகளும் அதே கதிரைகளில் இருந்து அதே பாடங்களைத்தான் படித்தார்கள்.

மாணவர் தொகை நிரலில் மகள் எழுதியவை சரியாகவே இருக்கின்றன. அவுஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு 30,000க்கு மேல்; நோட்டர் டேம் அவுஸ்திரேலியாவுக்கு 12,000 அளவில். ஆனால் முதலாவதற்குப் பக்கத்தில் ‘நெருக்கடி’ என்று சின்னதாக எழுதியிருக்கிறாள். அவ்வளவு பேரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கிழக்கு அவுஸ்திரேலியாவில் இருந்த நான்கு கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனங்களை ஒன்றாக்கி 1991 இல் உருவாக்கிய பல்கலைக்கழகம் அது. பிரிஸ்பேன், சிட்னி, கன்பரா, மெல்பேர்ண், பலராட் என்று பல நகரங்களில் அதன் வளாகங்கள் பரந்து கிடக்கின்றன. தாதியரையும் ஆசிரியர்களையும் பெருந்தொகையாக உருவாக்குவதில் அந்த நாட்டில் அதற்குப் பெயர் உண்டு. தாதியியலில் தொகை கூடுவது ஒரு விதத்தில் நல்லதும்கூட. பல வைத்தியசாலைகளோடு ஏற்கெனவே பயிற்சி உடன்பாடு இருக்கும்.

எனவே மொத்தத் தொகையை விட்டுவிட்டு, எந்த வளாகம் என்று பாருங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. சேர்க்கைக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், பாடநெறியின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘பலராட்’ என்று இருக்கிறது. நீங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் மச்சாள் இருப்பது டண்டினோங்கில், மெல்பேர்ணின் தென்கிழக்கில். பலராட் மெல்பேர்ண் நகரத்துக்கு மேற்கே 110 கிலோமீற்றருக்கு மேல். வட்டக்கச்சியில் இருந்து தினமும் அநுராதபுரம் போய் வருவதை நினைத்துப் பாருங்கள். மாமி வீட்டில் தங்கி, மாமி கையால் சாப்பிட்டுப் படிப்பது என்ற உங்கள் கணக்கு அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. மெல்பேர்ண் நகருக்குள் ஃபிட்ஸ்ரோயில், சென் வின்சென்ற் வைத்தியசாலைக்கு அருகில் ஒரு வளாகம் இருக்கிறது. அங்கே மாற்ற முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கே மகள் நேரடியாக மின்னஞ்சல் எழுதட்டும். முகவர் மூலமாகக் கேட்க வேண்டாம்.

(அந்தப் பலராட் வளாகத்துக்கு அக்குவைனாஸ் என்று பெயர். கொழும்பில் 1954 இல் பீற்றர் பிள்ளை அடிகளார் தொடங்கிய கல்லூரிக்கும் அதே புனிதரின் பெயர்தான். வேலை பார்த்துக்கொண்டே உயர்கல்வி கற்க நினைத்த எத்தனையோ பேருக்குக் கதவு திறந்த ஒரு தமிழ்க் குருவானவரை நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று எனக்கு எப்போதும் கவலை.)

‘கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்றபடியால் பயமில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். போருக்கு முன்னும் பின்னும் வன்னியில் கன்னியர் மட விடுதிகள் எத்தனை பெண்பிள்ளைகளைக் காப்பாற்றிப் படிக்க வைத்தன என்பதை அறிந்தவன் நான். ஆனால் அந்தப் படத்தை அங்கே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்காதீர்கள். அது அரச நிதி பெறும் பல்கலைக்கழகம். எல்லாச் சமயத்தவரும் படிக்கிறார்கள், கற்பிக்கிறார்கள். சிற்றாலயம் இருக்கும், திருப்பலி இருக்கும். ஆறு மணிக்குப் படலையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை எண்ணும் மடத்துச் சகோதரி இருக்க மாட்டார். கத்தோலிக்கப் பிள்ளை என்பதற்காகக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும் என்று முகவர் சொல்லியிருந்தால், அதை எழுத்தில் கேளுங்கள்.

விரிவுரையாளர் நிரலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பேராசிரியர் எத்தனை பேர், கலாநிதிப் பட்டம் பெற்றவர் எத்தனை வீதம் என்ற எண்கள் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் உரியவை. மெய்யியல் கற்பிக்கும் பேராசிரியரும் அந்த விகிதத்துக்குள் அடங்குவார். அவுஸ்திரேலியாவில் கற்பித்தலில் பெரும் பங்கை மணித்தியாலக் கணக்கில் சம்பளம் வாங்குவோர்தான் செய்கிறார்கள். மகள் கேட்க வேண்டியது: செயன்முறைக் கூடத்தில் ஒரு குழுவில் எத்தனை பேர்? வைத்தியசாலைப் பயிற்சியில் மேற்பார்வை யார்? பயிற்சிக்கு எந்த ஊருக்கு அனுப்புவார்கள், போக்குவரத்துச் செலவு யாருடையது?

அந்தக் கடைசிக் கேள்வி கட்டணத்தோடு சேர்ந்தது. இங்கேதான் எனக்கு மிகுந்த பயம்.

மகள் எழுதியிருப்பது ஓர் ஆண்டுக் கட்டணத்தை மட்டும். அது 30,000 அவுஸ்திரேலிய டொலருக்கு மேல். டொலர் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 60 லட்சம். படிப்பு மூன்று ஆண்டுகள், ஆகவே ஒரு கோடியே 80 லட்சம். கட்டணத்தை ஆண்டுதோறும் கூட்டும் உரிமையும் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. இனி வாழ்க்கைச் செலவு. மாணவர் விசாவுக்கு ஓர் ஆண்டுச் செலவாக அவுஸ்திரேலிய அரசு 2024 மே மாதம் நிர்ணயித்த தொகை 29,710 டொலர். மாமி வீட்டில் தங்கினால் இதில் பெரும் பகுதி மிஞ்சும். பலராட்டில் அறை எடுத்தால் மிஞ்சாது. விசா விண்ணப்பக் கட்டணம் 2025 ஜூலையில் இருந்து 2,000 டொலர், அதாவது நான்கு லட்சம் ரூபாய். விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது. படிப்புக் கட்டணம் அப்படியல்ல. படிப்புத் தொடங்க முன் விசா மறுக்கப்பட்டால், சிறு தொகை கழித்து மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. அந்தப் பணம் முகவரின் கணக்குக்குப் போகாமல் நேரே பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போயிருந்தால்தான் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம்.

‘பகுதிநேர வேலை செய்து கட்டிவிடலாம்’ என்று முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலங்களுக்கு மேல் வேலை செய்ய மாணவர் விசாவில் அனுமதி இல்லை. அதில் சாப்பாட்டுக்கும் பஸ்சுக்கும் உழைக்கலாம், கட்டணத்துக்கு உழைக்க முடியாது. அதோடு, அவுஸ்திரேலியாவில் தாதியாகப் பதிவு பெறக் குறைந்தது 800 மணித்தியாலங்கள் வைத்தியசாலைப் பயிற்சி முடிக்க வேண்டும். அதற்குச் சம்பளம் இல்லை. வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்றாலும் இருபது வாரங்கள். அந்த வாரங்களில் இரவு வேலைக்கும் போய்விட்டு வந்து நோயாளிக்கு மருந்து அளக்கும் பிள்ளையை நினைத்துப் பார்க்கிறேன், மனம் ஒப்பவில்லை.

அவுஸ்திரேலிய டொலரை 200 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். அது அப்படியே நிற்கும் என்று நம்ப முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியதை நாம் மறக்க இன்னும் காலமாகவில்லை. அந்த ஆண்டு வெளிநாட்டில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெற்றோர் சிலர் என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதார்கள். நெல்லு விலை ரூபாயில்தான் வருகிறது. கட்டணம் டொலரில் போகிறது. இடையில் இருக்கும் பள்ளத்தை நாலு ஏக்கர் நிரப்பாது.

வயலைப் பற்றி ஒரு சொல். வட்டக்கச்சியில் பல காணிகள் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் இருப்பவை. உங்களுடையது அனுமதிப்பத்திரமா, அளிப்பா, உறுதியா என்று கணவரிடம் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் என்றால், அதைத் தனியாரிடம் ஈடு வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது. பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி வட்டிக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாசலுக்குப் போகாதீர்கள். எதற்கும் முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விசாரியுங்கள்.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு நேரே இருக்கும் அந்தச் சிறு கோடு. கட்டணம் இல்லை என்பதால் மகள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டாள். அதனாலேயே அந்த நிரை முழுவதும் பெறுமதி குறைந்ததாக அவளுக்குத் தோன்றியிருக்கும். நாலு ஆண்டுத் தாதியியல் பட்டம், ஆங்கில மொழிமூலம், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பயிற்சி. தகுதி இருந்தால் மகாபொல உதவித்தொகை. வீட்டில் இருந்து ஒன்றரை, இரண்டு மணித்தியால பஸ் தூரம். எங்கள் பிள்ளைகள் இசட் புள்ளியில் போராடி எடுக்கும் இடம் இது. அந்தக் கட்டத்தில் ‘ஒரு கோடியே 80 லட்சம் மிச்சம்’ என்று அவளையே எழுதச் சொல்லுங்கள்.

அவுஸ்திரேலியக் கதவும் அதனால் மூடப்படாது. வெளிநாட்டில் தாதியியல் பட்டம் பெற்றவர்களின் தகைமையை அங்குள்ள தாதியர் சபை மதிப்பிடுகிறது. அங்கு படித்ததற்கு முழுமையாக ஈடாகாத பட்டம் என்றாலும், ஒரு கணினிவழித் தேர்வையும் அங்கே நடக்கும் செயன்முறைத் தேர்வையும் கடந்து பதிவு பெறும் வழி இருக்கிறது. ஆங்கிலத் தேர்வில் உயர்ந்த புள்ளி வேண்டும். அதற்கும் செலவு உண்டு. ஆனால் அது லட்சங்களில் முடிகிற செலவு. அன்றைக்கு மாமி செய்ய நினைக்கும் உதவி உண்மையில் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரும். இன்று அவர் தரும் அரையாண்டுக் கட்டணம் மீதி ஐந்து அரையாண்டுகளுக்கு உங்களைக் கடன்காரர் ஆக்கும்.

எந்த நிலையில் என் பதில் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். மச்சாள் மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் தானே பொறுப்பேற்பதாக எழுத்தில் தந்து, அந்தப் பணம் வங்கியில் இருப்பதையும் காட்டி, வளாகமும் ஃபிட்ஸ்ரோய்க்கு மாறினால், மகள் போகலாம். நல்ல படிப்பு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்படியானால் அந்தப் பாடநெறி அவுஸ்திரேலியத் தாதியர் சபையின் அங்கீகாரப் பட்டியலில் இருப்பதையும், வெளிநாட்டு மாணவருக்கான கிரிக்கோஸ் பதிவேட்டில் அதே வளாகத்தின் பெயரோடு இருப்பதையும் மகளே இணையத்தில் தேடிப் பார்க்கட்டும். இரண்டையும் பார்க்கப் பணம் கேட்க மாட்டார்கள்.

மகளிடம் கொடுங்கள் என்று புதிய சதுரக் கோட்டுத் தாள் ஒன்றையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். தரவரிசை நிரலை அவள் விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பக்கத்தில் வளாகம், பயிற்சி வைத்தியசாலை, மூன்று ஆண்டு மொத்தச் செலவு, அதில் கையில் இருக்கும் பணம், கடன் வாங்க வேண்டிய பணம் என்று ஐந்து நிரல்கள் போடச் சொல்லுங்கள். நிரப்பிய பிறகு அவளையும் கணவரையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை வாருங்கள். பல்கலைக்கழகப் பதிவுப் படிவத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்; அன்றைக்கே இருந்து நிரப்பிவிடலாம்.